டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்கப் போறீங்களா? மி.மீ. பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க!

கேமரா வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும். கூடவே வந்த 18-55 கிட் லென்ஸில் வீட்டு விசேஷம், ஆபீஸ் ட்ரிப், மொட்டை மாடி சூரிய அஸ்தமனம் எல்லாம் எடுத்து முடித்தாயிற்று. அடுத்து நவம்பர் சீசனில் வேடந்தாங்கல் போகிறீர்கள். ஏரிக்குள் நிற்கும் மரங்கள் முழுக்க நாரைகள். 'கிளிக்' செய்து பெரிதாக்கிப் பார்த்தால், பறவை ஒரு வெள்ளைப் புள்ளி. அன்று ராத்திரியே ஆன்லைனில் 'டெலிஃபோட்டோ ஸூம் லென்ஸ்' என்று தேட ஆரம்பித்துவிடுவோம்.

அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. சில ஆயிரம் ரூபாய்க்கும் லென்ஸ் இருக்கிறது, சில லட்சத்துக்கும் இருக்கிறது. இரண்டிலும் '300 மி.மீ.' என்றே எழுதியிருக்கிறது. நாம் கேட்பதோ ஒரே கேள்வி: "எவ்வளவு தூரம் ஸூம் ஆகும்?" பட்ஜெட் குறைவாக இருப்பவர்களின் பணம் வீணாவது பெரும்பாலும் இந்தக் கேள்வியால்தான். தூரத்தைப் போலவே கை நடுக்கமும் வெளிச்சமும் படத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றையும் பார்த்து வாங்கினால், 20,000 ரூபாய் பட்ஜெட்டிலேயே நல்ல லென்ஸ் கிடைக்கும். எப்படி என்று பார்ப்போம்.

'எக்ஸ்' வேறு, 'மி.மீ.' வேறு

"இது எத்தனை எக்ஸ் ஸூம்?" என்று கடையில் கேட்பவர்கள் நிறைய. எக்ஸ் என்பது வெறும் விகிதம். லென்ஸின் பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் வருவது. 18-55 லென்ஸ் சுமார் 3 எக்ஸ். 70-300 லென்ஸ் சுமார் 4.3 எக்ஸ். லட்ச ரூபாய் வரிசையில் இருக்கும் 150-600 லென்ஸ் 4 எக்ஸ்தான். ஆனால் மூன்றில் அதிக தூரம் பார்ப்பது 150-600. ஆக, எக்ஸை மறந்துவிடலாம்.

பார்க்க வேண்டியது மி.மீ. கணக்கில் சொல்லப்படும் குவியத்தொலைவு. பள்ளி இயற்பியலில் படித்த அதே விஷயம்தான். இது அதிகமாக ஆக, லென்ஸ் பார்க்கும் கோணம் குறுகும். தூரத்தில் இருப்பது சென்சாரில் பெரிதாக விழும்.

இதில் ஒரு நல்ல செய்தி. நம்மில் பலரிடம் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா. ஃபுல் ஃபிரேமைவிட இந்த சென்சார் சிறியது. அதனால், இதில் மாட்டும் 300 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் 450 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியைத் தரும் (நிக்கான், சோனியில் 1.5 மடங்கு, கேனனில் 1.6 மடங்கு). பறவை, விளையாட்டு எடுப்பவர்களுக்குச் சின்ன சென்சார் ஒரு வகையில் லாபம்தான்.

250-க்கும் 300-க்கும் எவ்வளவு வித்தியாசம்?

ஒரு எளிய கணக்கு. பொருளின் உயரத்தைக் குவியத்தொலைவால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், சென்சாரில் அது எவ்வளவு பெரிதாக விழும் என்று தெரியும்.

வர்ண நாரையின் உயரம் சுமார் ஒரு மீட்டர். அது 50 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் சுமார் 15 மி.மீ.

55 மி.மீ.யில் நாரை 1.1 மி.மீ. உயரத்துக்கு விழும். படத்தின் உயரத்தில் 7 சதவீதம். அதனால்தான் புள்ளி.

250 மி.மீ.யில் 5 மி.மீ. உயரம். படத்தில் மூன்றில் ஒரு பங்கு.

300 மி.மீ.யில் 6 மி.மீ. உயரம். படத்தில் 40 சதவீதம்.

55-லிருந்து 250-க்குப் போவது பெரிய தாவல். 250-லிருந்து 300-க்குப் போவது சின்ன அடி. இன்னொன்றையும் கவனியுங்கள். 250 மி.மீ. லென்ஸோடு 50 மீட்டரிலிருந்து 40 மீட்டருக்கு நகர்ந்தால் நாரை 6.25 மி.மீ. ஆகிவிடும். அதாவது, 50 மீட்டரில் நிற்கும் 300 மி.மீ.காரரைவிடப் பெரிய படம். பாதை இருக்கும் இடத்தில் பத்து மீட்டர் நடப்பது, 50 மி.மீ. கூடுதலாக வாங்குவதற்குச் சமம். அதற்கு இ.எம்.ஐ. கிடையாது.

ஆனால் பறவை சின்னதானால் கணக்கு மாறும். வெண்மார்பு மீன்கொத்தி ஒரு அடிக்கும் கொஞ்சம் குறைவு. 50 மீட்டரில் 300 மி.மீ. லென்ஸிலும் அது படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் வரும். அதுவே 15 மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறையும். சின்னப் பறவைகளுக்குப் பெரிய லென்ஸைவிட, அசையாமல் உட்கார்ந்து காத்திருக்கும் பொறுமை அதிகம் உதவும்.

வாங்கும் முன் ஒரு செலவில்லாத டெஸ்ட்

உங்கள் கிட் லென்ஸை 55-ல் வைத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்தில் ஒரு படம் எடுங்கள். மைதானமோ, ஏரிக்கரையோ, பால்கனியோ, எதுவானாலும் சரி. அந்தப் படத்தை எடிட்டிங் ஆப்பில் திறந்து, அகலம் நான்கரையில் ஒரு பங்கு ஆகும் வரை கிராப் செய்யுங்கள். 250 மி.மீ. லென்ஸ் காட்டப்போகும் காட்சி அதுதான். ஐந்தரையில் ஒரு பங்குக்கு கிராப் செய்தால் 300. பதினொன்றில் ஒரு பங்குக்கு கிராப் செய்தால் 600. படத்தின் தரத்தைப் பார்க்க வேண்டாம், சட்டத்துக்குள் என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள். "250 போதும்" என்று தெரிந்துவிட்டால், பெரிய தொகை மிச்சம்.

கிராப் பற்றி இன்னொரு விஷயம். 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000 பிக்சல். அதை இரண்டு பக்கமும் பாதியாக வெட்டினாலும் 3000-க்கு 2000 மிஞ்சும். இன்ஸ்டாகிராமுக்குத் தேவை 1080 பிக்சல் அகலம்தான். 10 அங்குல அகலத்தில் பிரின்ட் போடவும் 3000 போதும். அதாவது, 300 மி.மீ.யில் எடுத்த படத்தைப் பாதியாக வெட்டினால் 600-ல் எடுத்த காட்சி கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: மூலப்படம் கூர்மையாக இருக்க வேண்டும். மங்கலான படத்தை வெட்டினால் மங்கல்தான் பெரிதாகும்.

போனிலேயே 100 எக்ஸ் இருக்கே?

நியாயமான கேள்வி. விலை உயர்ந்த போன்களில் 5 எக்ஸ், 10 எக்ஸ் வரை ஆப்டிகல் ஸூம் உண்டு. கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் இருக்கும் 10 எக்ஸ் லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கணக்கில் சுமார் 230 மி.மீ. அதற்கு மேல் 30, 100 என்று போவதெல்லாம் படத்தை வெட்டிப் பெரிதாக்கி மென்பொருளால் சரிசெய்வது. போனின் டெலி சென்சார் மிகச் சின்னது என்பதால் வெளிச்சம் குறைந்தாலே திணறும். பறவை பறக்கும்போதும் பந்து வரும்போதும் ஃபோகஸ் பிடித்துத் தொடர்வதில் கேமரா முன்னால் நிற்கும். நிலா, கோபுரம், அசையாத பறவை மட்டும்தான் உங்கள் ஆசை என்றால், நல்ல போன் வைத்திருப்பவர்கள் லென்ஸ் வாங்காமலும் இருக்கலாம்.

கை நடுக்கம்: பெயரில் ஒளிந்திருக்கும் இரண்டு எழுத்து

தூரத்துப் பொருளைப் பெரிதாக்கும் லென்ஸ், கையின் நடுக்கத்தையும் பெரிதாக்கும். பழைய விதி ஒன்று உண்டு. ஷட்டர் வேகம், குவியத்தொலைவில் ஒரு பங்கு நொடியைவிடக் குறையக் கூடாது. ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மி.மீ. என்றால் 450-ஆக எடுத்துக்கொண்டு, குறைந்தது 1/500 நொடி வைக்க வேண்டும். காலை ஆறரை மணி வெளிச்சத்தில் அது எளிதல்ல.

இதற்குத்தான் லென்ஸுக்குள்ளேயே நடுக்கத்தைச் சமன் செய்யும் 'ஸ்டெபிலைசேஷன்' வருகிறது. இதைக் கேனன் ஐஎஸ் என்கிறது, நிக்கான் விஆர், சோனி ஓஎஸ்எஸ், டாம்ரான் விசி, சிக்மா ஓஎஸ். மூன்று படி உதவினாலே 1/500 தேவைப்பட்ட இடத்தில் 1/60-ல் அசையாத பொருளைக் கையில் பிடித்தபடி எடுத்துவிடலாம். கேமரா பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லாதவர்கள், அதாவது டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கும் பெரும்பாலானவர்கள், இந்த எழுத்துகள் இல்லாத டெலி லென்ஸை வாங்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: இது உங்கள் கையைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது. பறக்கும் பறவைக்கும், ஓடும் ஆட்டக்காரருக்கும் 1/1000-க்கு மேல் ஷட்டர் வேகம் வேண்டும்.

விலையை ஏற்றுவது வெளிச்சம்

இரண்டு லென்ஸிலும் 300 என்றே இருக்க, ஒன்று ஏன் லட்சங்களில் விற்கிறது? பதில், அடுத்து வரும் எஃப் எண்ணில் இருக்கிறது. குவியத்தொலைவை லென்ஸ் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 300 மி.மீ.யில் எஃப் 5.6 கிடைக்க 54 மி.மீ. திறப்பு போதும். எஃப் 2.8 வேண்டும் என்றால் 107 மி.மீ. வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடியைப் பிழையில்லாமல் செய்வதற்குத்தான் காசு. பதிலுக்குக் கிடைப்பது நான்கு மடங்கு வெளிச்சம்.

பட்ஜெட் லென்ஸ்கள் பெரும்பாலும் முழு ஸூமில் எஃப் 5.6 அல்லது 6.3. பகல் வெளிச்சத்தில் பறவை, ஜல்லிக்கட்டு, பள்ளி விளையாட்டு விழா எடுக்க இது தாராளம். ஆனால் மார்கழி சபாவில் பரதநாட்டியம் எடுக்கத்தான் லென்ஸ் தேடுகிறீர்கள் என்றால், இது உங்களுக்கான லென்ஸ் அல்ல. அதற்கு ஸூம் இல்லாத 85 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். எஃப் 5.6-ஐவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

எந்த கேமராவுக்கு எது?

கேனன் டிஎஸ்எல்ஆர் (1500டி, 200டி போன்றவை): ஈஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். இதே 55-250-ல் மூன்று தலைமுறை உண்டு. கடைசியாக 2013-ல் வந்த எஸ்டிஎம் மாடல்தான் கூர்மையிலும் ஃபோகஸிலும் மேல். எடை 375 கிராம்தான். செகண்ட் ஹேண்டில் எளிதாகக் கிடைக்கும். மலிவு லென்ஸ் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இது.

நிக்கான் டிஎஸ்எல்ஆர் (டி3500, டி5600 போன்றவை): ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர். 2016-ல் வந்தது. கவனம், இதே லென்ஸ் விஆர் இல்லாமலும் வருகிறது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெயரில் 'விஆர்' இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். டி90, டி3000 போன்ற பழைய பாடிகளில் ஏஎஃப்-பி லென்ஸ்கள் வேலை செய்யாது. உங்கள் மாடல் பொருந்துமா என்று நிக்கான் தளத்தில் பார்த்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் ஏஎஃப்-எஸ் 55-200 விஆர் தேடலாம்.

மிரர்லெஸ்: கேனன் ஆர்50, ஆர்10-க்கு ஆர்எஃப்-எஸ் 55-210 ஐஎஸ். நிக்கான் இஸட்30, இஸட்50-க்கு இஸட் டிஎக்ஸ் 50-250 விஆர். சோனி 6000 வரிசை, இஸட்வி-இ10-க்கு 55-210 ஓஎஸ்எஸ். கேனன் மிரர்லெஸ்காரர்கள் அடாப்டர் வைத்திருந்தால், மேலே சொன்ன பழைய 55-250 எஸ்டிஎம்மையே மாட்டலாம். ஆட்டோஃபோகஸ், ஐஎஸ் இரண்டும் வேலை செய்யும்.

"ஆஃபர்ல வருது ப்ரோ" – இதில் மாட்டிக்காதீங்க

கேனன் 75-300: 55-250-ஐவிட விலை குறைவு, எண் பெரிது. பார்த்தவுடன் கை அதற்குத்தான் போகும். ஆனால் ஐஎஸ் கிடையாது. முழு ஸூமில் படமும் மென்மையாகவே வரும். ஆர்எஃப் மவுன்ட்டுக்கு 2025-ல் வந்த 75-300-லும் ஐஎஸ் இல்லை.

420-800 லென்ஸ்: ஆன்லைனில் பல பெயர்களில் சுற்றும் நீளமான குழாய். ஆட்டோஃபோகஸ் கிடையாது, ஸ்டெபிலைசேஷன் கிடையாது. 800-ல் எஃப் 16. நிலா எடுக்க ட்ரைபாடில் வைத்து விளையாடலாம். பறவைக்கு ஆகாது.

2 எக்ஸ் கன்வெர்ட்டர்: 300-ஐ 600 ஆக்கும் என்பது உண்மை. கூடவே எஃப் 5.6-ஐ எஃப் 11 ஆக்கிவிடும். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் ஆட்டோஃபோகஸ் அத்தோடு நின்றுவிடும்.

பழைய நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸ்கள்: இவற்றுக்கு ஃபோகஸ் மோட்டார் கேமராவில் இருக்க வேண்டும். டி3500, டி5600 போன்ற பாடிகளில் அது இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் ஃபோகஸ் திருக வேண்டியிருக்கும்.

பில் இல்லாத 'கிரே மார்க்கெட்' லென்ஸ்: சில ஆயிரம் மிச்சமாகும். ஆனால் இந்திய வாரன்ட்டி இருக்காது. புதிதாக வாங்கினால் பில்லும் வாரன்ட்டி கார்டும் கேட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. டெலி லென்ஸை ஆசையாக வாங்கி, நாலு தடவை எடுத்துவிட்டு அலமாரியில் வைப்பவர்கள் அதிகம். அதனால் நல்ல நிலையில் நிறையக் கிடைக்கிறது. ஆனால் நேரில் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம். உங்கள் கேமராவையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் ஃபங்கஸ். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்று ஊர்களில் லென்ஸின் முதல் எதிரி இதுதான். போன் டார்ச்சை லென்ஸின் ஒரு முனையில் அடித்து, மறுமுனை வழியாகச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கிளைகள் தெரிந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். மலிவான லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவு கட்டுப்படியாகாது. நாலு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

அடுத்து, லென்ஸை மாட்டி முழு ஸூமில் அருகில் ஒன்று, தூரத்தில் ஒன்று என மாறி மாறி ஃபோகஸ் செய்யுங்கள். தயங்காமல் பிடிக்க வேண்டும். ஸ்டெபிலைசேஷனை ஆன் செய்து, ஷட்டரைப் பாதி அழுத்தினால் வியூஃபைண்டரில் காட்சி நிலைபெறுவது தெரிய வேண்டும். ஒரு சுவர் விளம்பரத்தை முழு ஸூமில் எடுத்து, நான்கு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கேயோ கீழே விழுந்திருக்கலாம்.

வாங்கி வந்த பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஈரப்பதம் 40-50 சதவீதம் இருந்தால் நல்லது. துணிப் பைக்குள் பூட்டி, மழைக்காலம் முழுக்க அலமாரியில் விட்டுவிடாதீர்கள்.

லென்ஸ் வந்தாச்சு, படம் இன்னும் மங்கலா?

ஷட்டர் ப்ரயாரிட்டி மோடில் 1/1000 வையுங்கள், ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். ஃபோகஸைத் தொடர் மோடுக்கு மாற்றுங்கள் (கேனனில் ஏஐ செர்வோ அல்லது செர்வோ, நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி). அப்படியும் மங்கலென்றால் கடிகாரத்தைப் பாருங்கள். நம்மூர் மதிய வெயிலில் தரையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எழும் வெப்பக் காற்று தூரத்துக் காட்சியை நெளிய வைக்கும். தார் ரோட்டில் கானல் தெரிவதற்கும் காரணம் அந்தச் சூடான காற்றுதான். லட்ச ரூபாய் லென்ஸும் அதன் முன் தோற்கும். காலை எட்டரை மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது இதற்கு ஒரே மருந்து.

இதுவும் போதாதவர்கள்?

சின்னப் பறவைகளையே தொடர்ந்து எடுக்கிறீர்கள், மாதம் இரண்டு முறை காடு, ஏரி என்று கிளம்புகிறீர்கள் என்றால் 150-600 ஆசை நியாயமானதுதான். சிக்மாவின் 150-600 கான்டெம்பரரி கிட்டத்தட்ட 2 கிலோ. வாங்கும் முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பெரிய நகரங்களில் கேமரா லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. அந்த எடையைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்த பிறகும் ஆசை இருந்தால், பணத்தைச் சேர்க்கத் தொடங்கலாம். வருஷத்துக்கு ஒரு ட்ரிப் மட்டும் என்றால் வாடகையே லாபம்.

நெருங்குவதற்கு ஓர் எல்லை உண்டு

மேலே, நடந்து போனால் 50 மி.மீ. கிடைக்கும் என்றோம். கூடு இருக்கும் இடத்தில் அந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஆள் நெருங்கினால் தாய்ப் பறவை எழுந்து பறக்கும். முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கையில் இருக்கும் லென்ஸ் எட்டவில்லை என்றால், அந்தப் படத்தை விட்டுவிடுவதுதான் சரி.

சுருக்கமாக: எந்த வரிசையில் முடிவெடுப்பது?

1. என்ன எடுக்கப் போகிறோம், பகலிலா இருட்டிலா? இருட்டு மேடை என்றால் ஸூம் வேண்டாம், 85 எஃப் 1.8.

2. எவ்வளவு தூரம்? கிட் லென்ஸ் கிராப் டெஸ்ட் செய்து பாருங்கள்.

3. லென்ஸ் பெயரில் ஐஎஸ், விஆர், ஓஎஸ்எஸ், விசி, ஓஎஸ் இவற்றில் ஒன்று இருக்கிறதா? பாடிக்குள்ளும் ஸ்டெபிலைசேஷன் இல்லையென்றால், பெயரில் இது இல்லாத லென்ஸ் வேண்டாம்.

4. உங்கள் பாடியில் ஆட்டோஃபோகஸ் ஆகுமா? மாடல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

5. இதெல்லாம் சரி என்றால் மட்டும், 250-ஆ 300-ஆ என்று யோசியுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பட்டியலின் முடிவில் வந்து நிற்பது ஒரு செகண்ட் ஹேண்ட் 55-250 அல்லது 70-300-ஆகத்தான் இருக்கும். பட்ஜெட்டில் மிஞ்சும் பணத்தை அடுத்த நாலு பயணத்தின் பஸ் டிக்கெட்டுக்கு ஒதுக்குங்கள். அதிகாலையில் அதே ஏரிக்கரைக்கு நாலாவது முறை போகும்போது, பறவை எந்தக் கிளையில் வந்து உட்காரும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.